கடையில் பட்ட காயத்துக்கு யார் பொறுப்பு?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டையோடு வரும் விவசாயியின் கண்ணும் காதும் ஏலத்தில்தான் இருக்கும். இன்று என்ன விலை போகிறது, நேற்றைவிட ஏறியதா, இறங்கியதா என்பதே மனதில் ஓடும். காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. நசுங்கிய பழத்தின் சாறு, ஈரச் சாக்கு, உடைந்த சாக்கடை மூடி, பின்னால் நகரும் மினி லாரி என எல்லாவற்றுக்கும் நடுவில்தான் வியாபாரம் நடக்கிறது.

இரண்டு ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். மண்டிக்குள் மூட்டையை எடை போட்டுவிட்டுத் திரும்பும்போது, உடைந்து கிடந்த சாக்கடை மூடியில் கால் இறங்கி விழுகிறார். வலது மணிக்கட்டு முறிகிறது. மண்டிக்காரர் கெட்டவர் அல்ல. உடனே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். மறுநாள் வீட்டுக்கு வந்து ஐந்தாயிரம் ரூபாயைக் கொடுத்து, "அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நம்ம நேரம் அப்படி" என்கிறார். விவசாயியும் தலையாட்டுகிறார். அவருக்கு இந்த மண்டியில் முன்பணம் பாக்கி இருக்கிறது. அடுத்த பறிப்பையும் இங்கேதான் கொண்டுவர வேண்டும்.

அதன் பிறகு இரண்டு மாதம் தொரட்டியைப் பிடிக்க முடியவில்லை. பழம் பறிக்க, தண்ணீர் பாய்ச்ச, மருந்தடிக்க எல்லாவற்றுக்கும் கூலி ஆள். மருத்துவச் செலவு ஒரு பக்கம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐந்தாயிரம் எந்த மூலைக்கு? இது கற்பனைக் கணக்குதான். ஆனால் மண்டியிலும், ரைஸ்மில்லிலும், உரக்கடைக் குடோனிலும், எடைமேடையிலும், கல்யாண மண்டபத்திலும் அடிபட்ட பலருடைய வீட்டுக் கணக்கும் இப்படித்தான் முடிகிறது. விதி என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது பழகிய முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

ஒரு வியாபார இடத்தை நடத்துபவர், அங்கே வந்து போகும் ஆட்களுக்கு ஆபத்து இல்லாமல் அதை வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையில் தவறி ஒருவருக்குக் காயம் பட்டால் இழப்பை ஈடு செய்ய வேண்டும். இது யாரும் போடும் பிச்சையல்ல, சட்டம் தரும் உரிமை. ஆனால் அந்த உரிமை கையில் கிடைப்பதும் நழுவுவதும் பெரும்பாலும் அடிபட்ட முதல் ஒரு வாரத்தில் செய்யும் காரியங்களைப் பொறுத்தது.

எந்த ஆளாகப் போனீர்கள்?

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான். ஒரே இடத்தில், ஒரே பள்ளத்தில் மூன்று பேர் விழுந்தாலும் மூவரும் போக வேண்டிய கதவு வேறு வேறு.

வாடிக்கையாளராகப் போனவருக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. கமிஷன் கொடுத்துச் சரக்கு விற்பவர், அரவைக் கூலி கொடுத்து நெல் அரைப்பவர், காசு கொடுத்து இயந்திரமோ மருந்தோ வாங்குபவர் எல்லாரும் இந்த வகையில் வருவார்கள். 'விவசாயி லாபத்துக்காகத்தானே வாங்குகிறார், அவர் எப்படி நுகர்வோர் ஆவார்?' என்று கம்பெனிகள் வாதாடியது உண்டு. ஆந்திர விவசாயிகள் விதை தொடர்பாகத் தொடுத்த வழக்கில், தேசிய விதைக் கழகம் இந்தப் பிரச்சினையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. விவசாயியும் நுகர்வோரே என்று 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் தொழிலுக்கு வாங்குவது 'வணிக நோக்கம்' ஆகாது என்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

கூலிக்கு வேலை செய்யப் போனவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். மூட்டை தூக்குபவர், மில் ஓட்டுபவர், டிராக்டர் டிரைவர் போன்றவர்கள் இதில் வருவார்கள். இங்கே முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்று காட்டினால் போதும்.

மண்டி வாசலில் பின்னால் வந்த லாரி இடித்தால் அது மோட்டார் வாகன விபத்து. அதற்கு வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி அங்கே எதிர்தரப்பாக வரும். இந்த மனுவுக்கு ஆறு மாதக் கெடு சட்டத்தில் வந்திருக்கிறது. ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

இவற்றில் எதிலும் சேராதவருக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. காசு கொடுக்கவில்லை, சும்மா துணைக்குப் போனேன் என்பதால் உரிமை போய்விடாது. 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணுக்குத் தோழி ஒருவர் கடையில் பானம் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலில் செத்த நத்தை இருந்ததாகவும் அதனால் நோயுற்றதாகவும் அவர் வழக்குப் போட்டார். காசு கொடுத்தது அவர் அல்ல. ஆனாலும், நம் செயலால் யார் பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியுமோ அவர்களிடம் கவனமாக இருக்கும் கடமை நமக்கு உண்டு என்று 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களும் கவனக்குறைவு வழக்குகளில் இன்றுவரை இந்த அடிப்படையையே பின்பற்றுகின்றன.

முதல் ஒரு வாரம்

இழப்பீட்டு மனுக்கள் பல இடங்களில் தோற்பதற்குக் காரணம் அநியாயம் அல்ல, ஆவணம் இல்லாததே. கீழே உள்ளவற்றை அடிபட்டவரால் செய்ய முடியாது. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். எங்கே, எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். இதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோம். 'வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடுங்கள், போலீஸ் தொல்லை வராது' என்று கூட வந்தவர் சொல்வார். அதைக் கேட்டுவிட்டால் பிறகு ஆயிரம் சாட்சி வைத்தாலும் அந்த ஒரு வரியை அழிப்பது கடினம். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். காயம் பெரிதாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்ல வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கவனக்குறைவால் பிறருக்குக் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவின்படி குற்றம். போலீஸ் வழக்கு மட்டுமே பணத்தை வாங்கித் தராது. ஆனால் இன்ன நாளில், இன்ன இடத்தில் சம்பவம் நடந்தது என்பதற்கு அது ஆதாரமாக நிற்கும்.

இடத்தைப் படம் எடுக்க வேண்டும். உடைந்த மூடியை மறுநாளே மாற்றிவிடுவார்கள், ஈரத்தைக் கழுவிவிடுவார்கள். அன்றைக்கே செல்போனில் நாலு பக்கமும் படம் எடுப்பது நல்லது. கேமரா வைத்த கடையாக இருந்தால், அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி பதிவுத் தபாலில் கடிதம் எழுத வேண்டும். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

பார்த்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும். இயந்திரத்தில் அடிபட்டிருந்தால் அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கவோ விற்கவோ கூடாது. மருந்து பட்டிருந்தால் பாட்டில், லேபிள், பில் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கடைசியாக, எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. பணத்தை வாங்கினாலும், 'மருத்துவச் செலவுக்கு முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும்.

இழப்பை எழுதிப் பாருங்கள்

சாகுபடிச் செலவைக் குறித்து வைக்கும் நோட்டிலேயே காயத்தின் கணக்கையும் எழுதலாம். டாக்டர் பீஸ், மருந்து, ஸ்கேன், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ், ஆட்டோ செலவு, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் இழந்த கூலி, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், கை கால் முன்புபோல் வராவிட்டால் வருங்கால இழப்பு, வலி வேதனை ஆகிய எல்லாமே கேட்கக்கூடியவை.

விவசாயிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'நிலம் அப்படியேதானே இருக்கிறது, மரம் காய்க்கத்தானே செய்கிறது, இவருக்கு என்ன நஷ்டம்?' என்று எதிர்தரப்பு கேட்கும். நிலம் இருந்தாலும் அதில் பாடுபட்ட உழைப்பும் மேற்பார்வையும் போய்விட்டன. அதற்குத்தான் ஈடு கேட்கிறோம். இதைக் காட்ட, அடிபட்ட பிறகு வைத்த கூலி ஆட்களுக்குக் கொடுத்த பணத்தைத் தேதிவாரியாக எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கி வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல், சிட்டா, மண்டியில் தந்த விற்பனைச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் ஆகியவை வருமானத்துக்குச் சான்று. மண்டிச் சீட்டில் கமிஷன் பிடித்தது எழுதியிருக்கும். அவர் காசு கொடுத்துச் சேவை பெற்றவர் என்பதற்கும் அதே சீட்டு சாட்சி. தூக்கிப் போடும் துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தால், சிகிச்சை முடிந்த பிறகு அரசு மருத்துவக் குழுவிடம் ஊனச் சதவீதச் சான்று பெற வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வாங்கிய பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கணக்கில் எடுப்பது கொடுத்த விலையைத்தான், கேட்கும் இழப்பீட்டை அல்ல. எனவே சில நூறு ரூபாய் கமிஷன் கொடுத்தவரும் சில லட்சம் இழப்பீட்டுக்குக் கட்டணமில்லாமல் மனு செய்யலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இணையத்திலும் மனு செய்யலாம். விவரம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சாட்சிகளை நீண்ட நேரம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சிக்கலான வழக்கு என்று ஆணையம் கருதினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லலாம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

கூலிக்குப் போனவர் விரல் இழந்தால்

பல சிறு விவசாயிகள் சொந்த வேலை இல்லாத நாட்களில் மில்லுக்கும் மண்டிக்கும் கூலிக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்காக 1923-ம் ஆண்டிலேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. பெயர் மாறினாலும் கணக்குப் போடும் முறை அதேதான்.

ஓர் உதாரணம். 40 வயதுக்காரர் ஒருவர் மில் பெல்ட்டில் ஒரு கையின் நான்கு விரல்களை இழக்கிறார். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். கணக்கில் எடுக்கும் உச்சவரம்பும் அதுதான். முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. அதாவது 9,000 ரூபாயை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். நான்கு விரல் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணை 50 சதவீதம் என்கிறது. ஆகவே அவருக்கு வரவேண்டியது 8,28,765 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

இந்த எட்டு லட்சத்தைத்தான் பல பேர் 'இருபதாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கோ' என்ற பேச்சில் இழக்கிறார்கள். இதில் தொழிலாளிக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. சட்டப்படியான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது. இறப்பு நேர்ந்திருந்தால் முதலாளி இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இதற்கான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்ததை இழப்பீடு என்று சொல்லித் தப்ப முடியாது.

மேஸ்திரியோ காண்டிராக்டரோ கூட்டிப் போயிருந்தாலும் மில் உரிமையாளரிடமே கேட்கலாம். மனுவைத் தொழிலாளர் துறையில், விபத்து நடந்த இடத்தின் எல்லையிலோ குடியிருக்கும் ஊரின் எல்லையிலோ, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் நிறுவனமாக இருந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் பலன் கேட்க வேண்டும். குடித்துவிட்டு வேலை செய்ததாலோ, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயம் பட்டது என்று முதலாளி நிரூபித்தால், இறப்பும் முழு நிரந்தர ஊனமும் தவிர மற்ற காயங்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வாங்கிய இயந்திரமும் மருந்தும்

கடைக்குள் விழுந்தால்தான் கடையின் பொறுப்பு என்பதில்லை. அங்கே வாங்கிய பொருள் வயலில் வைத்துக் காயப்படுத்தினாலும் பொறுப்பு தொடரும். 2019-ம் ஆண்டுச் சட்டம் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. செய்ததில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தராதது ஆகிய மூன்றுக்கும் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். விற்பவரும் சில நிலைகளில் பொறுப்பாவார். ஆனால் பொருளை மாற்றியமைத்திருந்தாலோ, தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்பவரும் தயாரிப்பாளரும் தப்பிக்க வழி இருக்கிறது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று கதிரடிக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வீசுகிறவர், தன் இழப்பீட்டையும் சேர்த்தே வீசுகிறார்.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள் நாட்டில் பெருகியதால்தான் நாடாளுமன்றம் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தையே கொண்டுவந்தது. அந்த இயந்திரத்தை ஓட்டும்போது நேரும் இறப்புக்கும் காயத்துக்கும் இழப்பீடு தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. கதிர் ஊட்டும் தொட்டி 90 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும், அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 9020 தர நிர்ணயம். கை உருளையை எட்டாமல் இருக்கத்தான் இந்த அளவு. வாங்கும்போதே டேப் வைத்து அளந்து பார்ப்பது நல்லது.

மருந்துக்கு வருவோம். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் 2021-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர நீதிமன்றம் வரை போனார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் முதல் கேள்வியே, 'எந்த மருந்து அடித்தீர்கள்?' என்பதுதான். பாட்டிலும் பில்லும் இல்லாதவரால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

டிக்கெட் வாங்கிப் போனவர்கள்

இடத்தை நடத்துபவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு டெல்லி உப்ஹார் திரையரங்கு வழக்கைச் சொல்லலாம். 1997 ஜூன் 13 அன்று படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். குழந்தைகளை இழந்த பெற்றோர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்கு நடத்தினார்கள். 2011 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம், இறந்தவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சமும், மற்றவர்களின் குடும்பத்துக்கு ஏழரை லட்சமும், காயமடைந்தவர்களுக்கு ஒரு லட்சமும் நிர்ணயித்தது. பொறுப்பில் 85 சதவீதம் திரையரங்குக்கு. டிரான்ஸ்பார்மரைப் பராமரித்த மின்வாரியத்துக்கு 15 சதவீதம்.

உயர் நீதிமன்றம் கொடுத்ததைவிட இது குறைவு. பதினான்கு ஆண்டு காத்திருப்பு வேறு. நீதிமன்றம் போனால் நாளைக்கே பணம் வரும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விடுகிறவர் வெளியேறும் வழிக்கும் பொறுப்பாளி என்பதை இந்த வழக்கு நாடு முழுவதற்கும் உறுதிப்படுத்தியது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கும் அதே விதிதான்.

நம் தோட்டத்திலும் இதே சட்டம்

இதுவரை படித்ததைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி, வாடகைக்குக் கதிரடிக்கும் இயந்திரம் விடுபவர், தீவனம் வெட்டும் இயந்திரத்தில் ஆள் வைத்திருக்கும் பால்காரர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் முதலாளிகள். டிராக்டர் போன்ற எந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலைகளும் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. தன் தோட்டத்தில் ஒரு பெண்ணின் கை போனால், அந்த எட்டு லட்சம் கணக்கு தன் வீட்டு வாசலுக்கே வரும்.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. சேலைத் தலைப்போ, துண்டோ மாட்டினால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தண்டுக்கு மூடி போட வேண்டும். வேலை செய்பவர் தொங்கும் துணி இல்லாமல் இறுக்கமாக உடுத்த வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர், மோட்டார் ரூமில் எர்த், டிராக்டருக்கு இன்சூரன்ஸ், வேலையாட்களுக்கான காப்பீடு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு விபத்தின் செலவோடு ஒப்பிட்டால் தூசு.

விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் கெட்டுவிடும். 108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

பில் வாங்கவில்லை. இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். செல்போனில் பணம் அனுப்பிய பதிவு, வாரண்டி அட்டை, கடையின் பதிவேடு, சாட்சி ஆகியவற்றாலும் நிரூபிக்கலாம். ஆனாலும் பில் கேட்டு வாங்குவதே எளிது.

'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு வைத்திருக்கிறார்களே?

போர்டு எழுதி வைத்ததால் மட்டும் கவனக்குறைவின் பொறுப்பு போய்விடாது. 'இங்கே பள்ளம் உள்ளது, கவனம்' என்று குறிப்பாக எச்சரித்து, தடுப்பும் வைத்திருந்தால் அது வேறு விஷயம்.

என் பேரிலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. போன் பேசிக்கொண்டே நடந்தேன்.

உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு அந்த அளவு இழப்பீட்டைக் குறைப்பார்கள். முழுவதும் இல்லை என்று ஆகிவிடாது. நடந்ததை மறைக்காமல் சொல்வதே நல்லது.

விபத்துக் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது. கடைக்காரரிடமும் கேட்கலாமா?

கேட்கலாம். பிரதமரின் சுரக்ஷா பீமா போன்றவை நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கியவை. அதில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ பயனிழந்தால் 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் வருவாய்த் துறையில் அந்த உதவியையும் கேட்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம் அல்லது 15100-க்குப் பேசலாம்.

உறவு கெடாமல் கேட்பது எப்படி?

மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயிக்குத் தயக்கம் இருப்பது இயற்கை. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்ததில் விளைவித்தவருக்கும் விற்றுக் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. இருவரும் நாளையும் முகம் பார்த்துத் தொழில் செய்ய வேண்டியவர்கள்.

அதனால் முதல் படி வழக்கு அல்ல, கடிதம். நடந்தது என்ன, செலவு எவ்வளவு, என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பில் நகல்களோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். கடைக்காரரிடம் இன்சூரன்ஸ் இருந்தால் அவர் கைக்காசு போகாமலே தீர்வு கிடைக்கக்கூடும். அதையும் கேட்க வேண்டும். பேசி ஒத்துவந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நுகர்வோர் ஆணையத்திலும் சமரச ஏற்பாடு உண்டு. ஒத்துவராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு.

நாம் தொடக்கத்தில் பார்த்த விவசாயி இந்த வழியில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஏ.ஆர். காப்பி, உடைந்த மூடியின் படம், கமிஷன் சீட்டு, இரண்டு மாதக் கூலிக் கணக்கு ஆகிய நான்கையும் மண்டி மேசையில் வைத்து, "அண்ணாச்சி, இது நம்ம செலவுக் கணக்கு. பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். எலுமிச்சைக்கு விலை பேசும்போது வராத கூச்சம், தன் கைக்கு விலை பேசும்போது மட்டும் ஏன் வர வேண்டும்? அந்தச் சாக்கடை மூடியையும் அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். அடுத்து மூட்டையோடு வருபவர் விழாமல் நடப்பார்.